காரணம் எழுதும் கட்டம்

மூச்சை இழுங்க.
பிடிங்க.
விடுங்க.

களுவாஞ்சிகுடி ஆசுபத்திரியில்
ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன்.
சங்கிலி கழற்றி, சட்டை ஊசி கழற்றி
பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்பவர்கள்
நாலு வினாடி எனக்காக மூச்சை நிறுத்துவார்கள்.
பதினோரு வருடமாகப் படம் எடுக்கிறேன்.
கறுப்பு, வெள்ளை, இடைப்பட்ட சாம்பல்.
தொண்டையில் குத்திய கெளுத்தி முள்,
பிள்ளை விழுங்கிய இரண்டு ரூபாய்.
"ஒண்டும் இல்லையே?" என்று கேட்பார்கள்.
ஒன்றும் இல்லாத படம்தான் இங்கே நல்ல படம்.

கொழும்பில் பெரிய ஓவியக் காட்சியகம் இருக்கிறது.
மூன்று மாடி. செவ்வாய் பூட்டு.
இரண்டாம் மாடியில், வடக்குச் சுவரில்
பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு மஞ்சள்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
என் கைபேசியில் அது பெருவிரல் நகமளவு.

திட்டம் இதுதான்.
வியாழன் இரவு ரயில், மூன்றாம் வகுப்பு, ஜன்னல்.
மாகோவில் ஒரு தேத்தண்ணி.
விடிய முன்னம் கோட்டை.
வாசல் திறப்பது ஒன்பதுக்கு.
அதுவரை எங்கே முகம் கழுவுவது,
ஒரு பெண் எங்கே சும்மா இருப்பது?
வெள்ளவத்தை மச்சாளிடம் போனால் குளிக்கலாம்.
குளித்தால் இடியப்பம்.
இடியப்பம் தின்றால் பகலுக்குக் கோழி.
கோழி அவிந்து முடிய நாளும் முடிந்துவிடும்.
மச்சாளுக்குச் சொல்லக் கூடாது.
அடுத்த சாமத்திய வீட்டில் எப்படியும் தெரியவரும்,
அதை அப்போது பார்ப்போம்.

"படம் பாக்கக் கொழும்புக்கா?" என்றார்
நான் கட்டிய தவேந்திரன்.
"மட்டக்களப்பிலயும் தியேட்டர் இருக்கே."
மறுகா கொஞ்சம் யோசித்து,
"போறதெண்டா தண்ணி மோட்டருக்கு
ஒரு வாசர் வாங்கி வா."
அவரிடம் சம்மதம் இப்படித்தான் வரும்.

எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போக
ஏற்ற காரணங்கள் உண்டு:
கடவுச்சீட்டு, கண் ஆப்பரேஷன்,
விமான நிலையம்,
காணாமல் போன மகனுக்காக இன்னொரு விசாரணை.
விடுமுறைப் படிவத்தில்
காரணம் எழுதும் கட்டம் தீப்பெட்டி அளவு.
அதற்குள் எழுதினேன்:
படம் பார்க்க.

கிளார்க் புவிராஜசிங்கம் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"எத்தின நாளா, புள்ள?"
"கன நாளா" என்றேன். உண்மைதானே.
"இங்கத்த டொக்டர்மார் பாத்தவங்களா?"
"இங்க ஒருத்தரும் பாக்கல்ல."
"எவடத்தில?"
"ரெண்டாம் மாடி."
ஒரு நாள் கேட்டதற்கு
இரண்டு நாள் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

பகல் சாப்பாட்டுக்குள் செய்தி வார்டெல்லாம் சுற்றிவிட்டது.
றிஸானா மிஸ் செவ்விளநீர் வெட்டுவித்து அனுப்பினா.
சமையலறைப் பத்தினியம்மா
மாமாங்கத்துத் திருநீற்றைக் கடதாசியில் மடித்து வந்து,
"அந்தக் கதிருக்க நிண்டு நிண்டுதான், மனே"
என்று அழுதா.
திருத்தத்தான் வாயைத் திறந்தேன்.
"படம் பாக்கத்தான் போறன், அம்மா."
"ஓம் ஓம், தெரியும்" என்று
கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டா.

நேற்றுக் காட்சியகத்துக்கு அழைத்தேன்.
அந்த மஞ்சளுக்கு முன்னால் வாங்கு இருக்கிறதா?
முதலில் சிங்களம், பிறகு யாரையோ தேடிப் பிடித்து
ஒரு மெல்லிய தமிழ்:
"வாங்கு இருக்கு. பூட்டும்வரை இருங்க."
சரியாகத்தான் விளங்கியதா என்று திரும்பக் கேட்டேன்.
"இருங்க."

என் அறையில் ஒருவரையும்
தேவைக்கு மேல் ஒரு நிமிடம் இருக்கச் சொன்னதில்லை.
ஒன்பது தொடக்கம் ஐந்து, எட்டு மணித்தியாலம்.
வாசருக்கு ஒன்றைக் கழித்தால் ஏழு.

திருநீற்றுப் பொட்டலம் இன்னும் பைக்குள்தான்.
வெளியே எடுத்து வைக்கக் கை வரவில்லை.